தூக்குச் சட்டியும் சீனச் சட்டியும்



உங்களில் எத்தனை பேருக்கு ஃப்ரைடு ரைஸ் பிடிக்கும்? கையைத் தூக்குங்கள், பார்க்கலாம். அடேயப்பா, இத்தனை கைகளா! சரி, எத்தனை பேருக்குப் பழைய சோறு பிடிக்கும்? ஏன், பாதிக் கைகள் கீழே இறங்கிவிட்டனவே! இறங்கிய அந்தக் கைகளுக்காகத்தான் இன்று ஒரு கதை சொல்ல வந்திருக்கிறேன். கதை என்றால் எங்கள் வீட்டில் நடந்த கதை.

நான் திருக்கடையூர்க்காரி. பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஊர் அமிர்தகடேஸ்வரர் கோயிலுக்கு 60, 70, 80 வயதுக்காரர்கள் மாலையும் கழுத்துமாக வந்து மறுபடியும் கல்யாணம் செய்துகொள்வார்கள். தாத்தா பாட்டி கல்யாணத்தில் பேரப்பிள்ளைகள் விருந்து சாப்பிடும் ஊர் இது!

சென்ற ஆண்டு எங்கள் வீட்டுத் தாத்தாவுக்கும் 70 வயதுச் சடங்கு நடந்தது. பீமரத சாந்தி என்று பெயர். சென்னையிலிருந்து மகளும் பேரப்பிள்ளைகளும் வந்திருந்தார்கள். பெரியவள் ஏழாம் வகுப்பு. சின்னவன் நான்காம் வகுப்பு. மூன்று நாளும் இலை போட்டு விருந்துதான். சாம்பார், வத்தக்குழம்பு, மோர்க்குழம்பு, பாயசம், வடை.

நான்காம் நாள் காலையில் சின்னவன் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மாச்சி, வாழை இலையப் பாத்தாலே பயமா இருக்கு. எங்கயாவது ஃப்ரைடு ரைஸ் சாப்பிடப் போலாமா?"

தாத்தாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "போவோமே! எழுபது வயசு வரைக்கும் நானும் சாப்பிட்டதில்ல" என்றார். அன்று மாலையே எல்லோரும் பேருந்தேறி மயிலாடுதுறைக்குப் புறப்பட்டோம்.

சட்டியிலேயே சீனா!

அது குளிர்சாதன வசதி உள்ள ஓட்டல். சாப்பாட்டுப் பட்டியலே ஒரு புத்தகம் போல இருந்தது. ஒரு பக்கம் 'சைனீஸ்'. இன்னொரு பக்கம் 'காண்டினென்டல்'. அதில் பாதிக்கு மேல் ஆங்கிலேயர் சாப்பாடு. பெரியவள் வெஜிடபிள் ஃப்ரைடு ரைஸும் கோபி மஞ்சூரியனும் கேட்டாள். சின்னவன் ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கேட்டான்.

தாத்தா சூப் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தவர், "மல்லிகட்டானி சூப்பா? அது என்னம்மா?" என்று கேட்டார்.

"நம்ம மிளகுத்தண்ணிதாங்க!" என்றேன்.

ஆமாம் குழந்தைகளே! மதராஸில் இருந்த ஆங்கிலேயர்களுக்கு நம் மிளகுத்தண்ணீர் பிடித்துப்போனது. அதில் இறைச்சியும் காய்கறியும் சேர்த்துச் சூப்பாக்கினார்கள். 'மிளகுத்தண்ணி' அவர்கள் வாயில் 'மல்லிகட்டானி' ஆனது. கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்த் திரும்பி வந்து, இப்போது நம் மேஜையிலேயே வேற்றூர்க்காரர் போல உட்கார்ந்திருக்கிறது. "நம்ம ரசத்துக்கா இவ்வளவு விலை!" என்று தாத்தா வாயைப் பிளந்தார்.

எங்கள் மேஜையிலிருந்து கண்ணாடி வழியே சமையலறை தெரிந்தது. குழிவான பெரிய இரும்புச் சட்டியைச் சமையல்காரர் ஒரு கையால் தூக்கித் தூக்கிப் போட்டார். சோறு மேலே பறந்து மறுபடி சட்டிக்குள்ளேயே விழுந்தது. அடியில் தீ திகுதிகுவென்று எரிந்தது.

"இது என்ன சட்டி தெரியுமா?" என்று கேட்டேன்.

"வோக்!" என்றாள் பெரியவள்.

"எங்க அம்மா அதுக்குச் சீனச்சட்டின்னு பேர் சொல்வாங்க. நம்ம அடுப்படியில அப்பளம் பொரிக்கிறதும் அதேதான்."

பேத்தி கண்களை விரித்தாள். நாம் தினமும் சொல்கிற பெயருக்குள்ளேயே சீனா இருக்கிறது! நம் காவிரிக் கரைக்கும் சீனாவுக்கும் உறவு மிகப் பழையது. ராஜராஜ சோழன் அனுப்பிய தூதுக்குழு 1015-ம் ஆண்டு சீன அரசவைக்குப் போய்ச் சேர்ந்தது. தஞ்சைப் பகுதியில் பழைய சீனக் காசுகள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன.

ஃப்ரைடு ரைஸில் ஒரு ரகசியம் உண்டு. அப்போதே வடித்த சூடான சோற்றில் செய்தால் குழைந்து கட்டியாகிவிடும். முதல் நாள் வடித்து ஆறிய சோறுதான் உதிரி உதிரியாக வரும். சீனாவில் இந்தச் சாப்பாடு பிறந்ததே மிஞ்சிய சோற்றை வீணாக்கக் கூடாது என்பதற்காகத்தான். முதல் நாள் சோறு, கையில் இருக்கும் காய், ஒரு முட்டை, கொஞ்சம் சோயா சாஸ். அவ்வளவுதான்! அங்கே யாங்ஜோ என்ற நகரத்து வறுத்த சோறு உலகப் புகழ் பெற்றது.

மஞ்சூரியன் எந்த ஊர்?

அடுத்து கோபி மஞ்சூரியன் வந்தது. சிவப்பாக, பளபளவென்று.

"இது சீனாவுல எந்த ஊர்ச் சாப்பாடு, அம்மாச்சி?"

"இது மும்பைச் சாப்பாடு!"

இருவரும் நம்பவில்லை. மஞ்சூரியா என்பது சீனாவின் வடகிழக்கில் இருக்கும் பகுதி. ஆனால் அங்கே போய் மஞ்சூரியன் கேட்டால் யாருக்கும் தெரியாது! கொல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையல்காரர் நெல்சன் வாங், 1975-ல் மும்பையில் ஒரு கிரிக்கெட் கிளப்பின் சமையலறையில் இதைச் செய்தார் என்று சொல்கிறார்கள். பட்டியலில் இல்லாத புதுப் பண்டம் ஏதாவது வேண்டும் என்று யாரோ கேட்டார்களாம். நம் ஊர்ப் பாணியில் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை வதக்கினார். அதில் சீனத்துச் சோயா சாஸை ஊற்றிச் சோள மாவு கரைத்துவிட்டார். கோழியில் செய்த பண்டம் பிறகு காலிஃபிளவருக்கும் வந்தது.

கொல்கத்தாவுக்குச் சீனர்கள் எப்படி வந்தார்கள்? 18-ம் நூற்றாண்டின் இறுதியில் டோங் அச்சூ என்ற வணிகர் அந்த நகருக்கு அருகே குடியேறிக் கரும்பாலை வைத்தார். அவர் பெயரால் அந்த இடம் இன்றும் அச்சிப்பூர் எனப்படுகிறது. பிறகு வந்தவர்களில் ஹக்கா என்னும் பிரிவினர் டாங்ரா என்ற பகுதியில் தோல் பதனிடும் தொழில் செய்தார்கள். நீங்கள் சாப்பிடும் 'ஹக்கா நூடுல்ஸ்' இருக்கிறதே, அது அவர்கள் பெயர்தான்!

அந்த ஒரு தட்டை எண்ணிப் பாருங்கள். காலிஃபிளவரை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள். மிளகாயும் சோளமும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை. சோயா சாஸ் சீனாவுடையது. பெயர் மஞ்சூரியாவுடையது. சமைத்ததோ மயிலாடுதுறையில்!

இதற்குள் தாத்தா பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "தம்பி, இதுக்குத் தொட்டுக்க ஊறுகாய் கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டார். பேத்தி வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். அவரோ சிரித்துக்கொண்டே எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்து வைத்தார். தாத்தா ஃப்ரைடு ரைஸுக்கு ஊறுகாய் தொட்டு ரசித்துச் சாப்பிட்டார். நெல்சன் வாங் செய்ததும் இதைத்தானே?

பொந்துக்குள் தேரை!

சின்னவனுக்கு ஃபிஷ் அண்ட் சிப்ஸ் வந்தது. மாவில் தோய்த்துப் பொரித்த மீன். பக்கத்தில் நீளநீளமான உருளைக்கிழங்கு.

"சிப்ஸ் எங்கே? இது ஃபிங்கர் சிப்ஸ் ஆச்சே?" என்று தேடினான்.

நாம் 'சிப்ஸ்' என்று சொல்லும் மெல்லிய வறுவலுக்கு இங்கிலாந்தில் 'கிரிஸ்ப்ஸ்' என்று பெயர். அவர்கள் 'சிப்ஸ்' என்றால் அது நம் ஃபிங்கர் சிப்ஸ். ஆகவே அங்கே கடைக்குப் போனால் பார்த்துக் கேளுங்கள்!

இதுவும் ஏழைகளின் சாப்பாடுதான். பொரித்த மீனை ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளிலிருந்து வந்து குடியேறிய யூதர்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் பிறந்தது. இரண்டும் 1860-களில் ஒரே கடையில் சேர்ந்தன. லண்டனில் ஜோசப் மாலின் என்பவர்தான் முதல் கடை வைத்தார் என்று பலர் சொல்கிறார்கள். ஆலைத் தொழிலாளர்கள் வேலை முடிந்து வரும்போது பழைய செய்தித்தாளில் மடித்து, உப்பும் வினிகரும் தெளித்து, சுடச்சுட வாங்கிப் போவார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை எல்லாம் ரேஷனில் அளந்துதான் கொடுத்தார்கள். ஆனால் ஃபிஷ் அண்ட் சிப்ஸுக்கு மட்டும் ரேஷன் இல்லை. அதையும் பிடுங்கிவிட்டால் மக்கள் மனம் சோர்ந்துபோகும் என்று அரசாங்கமே பயந்தது!

அவர்கள் சாப்பாட்டுப் பெயர்களைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஒன்றின் பெயர் 'டோட் இன் தி ஹோல்'. அதாவது, பொந்துக்குள் தேரை! பயப்படாதீர்கள், தேரை எதுவும் கிடையாது. முட்டையும் பாலும் கலந்த மாவுக்குள் இறைச்சித் துண்டுகள் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். இன்னொன்று 'பபிள் அண்ட் ஸ்க்வீக்'. ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய உருளைக்கிழங்கையும் முட்டைக்கோஸையும் திங்கட்கிழமை சட்டியில் போட்டு வறுப்பார்கள். அப்போது எழும் 'கொதகொத, கிறீச்' சத்தம்தான் அதன் பெயர்.

இங்கே ஒன்றைக் கவனித்தீர்களா? சீனப் பாட்டியும் மிஞ்சியதை வறுத்தாள். ஆங்கிலேயப் பாட்டியும் மிஞ்சியதை வறுத்தாள்.

"நாங்க அவளுக்கு ஒரு பேர் வச்சிருக்கோம்"

இதை நான் சொல்லி முடிக்கும்போதுதான் பேத்தி கலகலவென்று சிரித்தாள்.

"அம்மாச்சி, எங்க கிளாஸ்லயும் ஒருத்தி மிஞ்சினதுதான் கொண்டு வர்றா. பழைய சோறு! டப்பாவைத் திறந்தாலே ஒரு வாடை. நாங்க அவளுக்கு 'ஊசல்'னு பேர் வச்சிருக்கோம்."

சின்னவனும் சேர்ந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் இருந்த ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வரை பேசவும் இல்லை.

மறுநாள் காலை. தாத்தாவுக்குப் பழைய சோறு போட்டேன். முதல் நாள் இரவு தண்ணீர் ஊற்றி வைத்தது. கொஞ்சம் மோர், உப்பு, சின்ன வெங்காயம், மோர் மிளகாய். பேத்தி திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து என் கதையைச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொல்லாத கதை.

வாய்க்காலில் போன சோறு

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. 1970-களின் தொடக்கம். எங்கள் கிராமத்திலிருந்து மூன்று மைல் நடந்து உயர்நிலைப் பள்ளிக்குப் போவேன். மதியத்துக்கு அம்மா தூக்குச் சட்டியில் பழைய சோறும், ஓரத்தில் ஒரு வடுமாங்காயும் வைத்துத் தருவார். டவுன் பிள்ளைகள் இட்லியும் எலுமிச்சைச் சாதமும் கொண்டு வருவார்கள். நான் மூடியைத் திறந்ததும் ஒருத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஐயே, நீத்தண்ணி வந்துடுச்சு!" என்றாள். அன்றிலிருந்து என் பெயரே 'நீத்தண்ணி' ஆகிவிட்டது.

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு பள்ளிக்குப் போகிற வழியிலேயே தூக்கைத் திறந்து, சோற்றை வாய்க்காலில் கொட்டிவிடுவேன். மீன்கள் கூட்டமாக வந்து கொத்தும். மதியம் குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு மரத்தடியில் படித்துக்கொண்டிருப்பேன்.

சாயங்காலம் காலித் தூக்கைப் பார்த்து அம்மாவுக்குச் சந்தோஷம். "வளர்ற புள்ள, பசி தாங்காது" என்று சொல்லி, மறுநாள் இன்னும் ஒரு கை சோறு கூடப் போட்டு அனுப்பினார்.

அது ஐப்பசி மாதம். எங்கள் பக்கத்தில் சம்பா அறுவடை தை மாதத்தில்தான். அதற்கு முந்தைய மாதங்களில் குதிரில் நெல் குறைந்து, அடி தட்டிவிடும். ஒரு நாள் விடியற்காலையில் தூக்கம் கலைந்து எழுந்தேன். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து, சோறில்லாத வெறும் நீராகாரத்தில் உப்புப் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் தூக்கு நிறைந்திருந்தது. நான் வாய்க்காலில் கொட்டிய அந்தக் கூடுதல் ஒரு கை சோறு யாருடையது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அன்று மதியம் வகுப்பில் தூக்கைத் திறந்தேன். சிரித்தார்கள். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். அதற்குப் பிறகும் பல நாள் சிரித்தார்கள். நான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அம்மா போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அவரிடம் நான் இதைச் சொல்லவே இல்லை.

பேத்தி ஒன்றும் பேசவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கஞ்சி போன தூரம்

கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா வாடை அடிக்குதே, அம்மாச்சி?" என்று மெதுவாகக் கேட்டாள். நியாயமான கேள்விதானே?

அந்த வாசனை எங்கிருந்து வருகிறது? இரவெல்லாம் தண்ணீரில் ஊறும் சோற்றில், கண்ணுக்குத் தெரியாத நல்ல நுண்ணுயிர்கள் வேலை செய்து லேசாகப் புளிக்க வைக்கின்றன. தயிரைப் புளிக்க வைப்பதும் தோசை மாவைப் பொங்க வைப்பதும் இதே வகை நுண்ணுயிர்கள்தான். மாதக்கணக்கில் புளிக்க வைத்துத்தான் சோயா சாஸும் செய்கிறார்கள். பாட்டிலில் வந்தால் மணம், டப்பாவில் வந்தால் வாடையா?

ஒடிசாவில் நீரூற்றிய சோற்றுக்கு 'பக்காளா' என்று பெயர். அதற்கென்று மார்ச் 20-ல் ஒரு நாளே கொண்டாடுகிறார்கள். வங்காளத்தில் 'பான்தா பாத்'. 2021-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த 'மாஸ்டர் செஃப்' என்ற பெரிய சமையல் போட்டியின் இறுதிச் சுற்றில், வங்கதேச வம்சாவளியைச் சேர்ந்த கிஷ்வார் சௌத்ரி, நீரூற்றிய சோற்றைத்தான் உருளைக்கிழங்கு மசியலோடும் மீனோடும் நடுவர்கள் முன் வைத்தார். அவருக்கு மூன்றாம் இடம் கிடைத்தது.

சீனாவிலும் காலை உணவாகக் கஞ்சி குடிக்கிறார்கள். அங்கே அதன் பெயர் 'ஜோ'. தொட்டுக்கொள்ள ஊறுகாய்க் காயும் உப்பு முட்டையும் இருக்கும். காய்ச்சல் வந்த குழந்தைக்கு முதலில் அதைத்தான் கொடுப்பார்கள், நம் வீட்டைப் போலவே. அவர்கள் நாட்காட்டியின் கடைசி மாதத்தில் எட்டாம் நாள், அரிசியும் பயறும் பருப்பும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சி எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். நம் ஊரில் ரமலான் மாதத்தில் நோன்புக் கஞ்சியும், ஆடியில் அம்மன் கோயிலில் கூழும் கொடுப்பதில்லையா, அது போல.

ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் லண்டனிலும் சீன ஓட்டல்களின் ஆங்கிலப் பட்டியலில் இந்தச் சாப்பாட்டுக்கு என்ன பெயர் எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? 'காஞ்ஜி'! அது நம் தமிழ்ச் சொல்தான். போர்ச்சுக்கீசியரும் ஆங்கிலேயரும் நம் கடற்கரையில் கேட்டுக்கொண்டு போன 'கஞ்சி' சீனக் கஞ்சிக்கும் பெயராகிவிட்டது. நாம் மூக்கைப் பிடிக்கும் கஞ்சி, உலகத்துப் பெரிய ஓட்டல்களில் நம் பெயரோடு உட்கார்ந்திருக்கிறது!

எல்லா ஊரிலும் மனசுக்கு இதமான சாப்பாடு என்று ஒன்று இருக்கும். உடம்பு முடியாதபோதும் அழுகை வரும்போதும் அதைத்தான் மனம் கேட்கும். பெரும்பாலும் அது, கையில் இருந்த கொஞ்சத்தை வைத்து யாரோ ஒரு அம்மா பிள்ளைக்காகச் செய்ததாக இருக்கும். உங்கள் தோழியின் டப்பாவைப் பார்த்துச் சிரிக்கும்போது, நீங்கள் பார்க்காத அந்த அம்மாவைப் பார்த்தும் சிரிக்கிறீர்கள்.

பிள்ளைகள் சென்னைக்குப் போன பிறகு ஒரு நாள் பேத்தியிடமிருந்து போன் வந்தது.

"அம்மாச்சி, அவகிட்ட ஸாரி கேட்டேன். அவ ஒண்ணுமே பேசல."

"பேச மாட்டாதான். அவளுக்கு எவ்வளவு நாள் வலிச்சிருக்கும்? பொறுத்துக்கோ" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் போன்.

"அம்மாச்சி, இன்னிக்கு நான் அவ பக்கத்துலதான் உக்காந்தேன். ஒரு சின்ன வெங்காயம் குடுத்தா. பழைய சோறோட நல்லாத்தான் இருக்கு!"

குழந்தைகளே, இந்த விடுமுறையில் ஓட்டலுக்குப் போனால் புதிதாக ஒன்றைக் கேட்டு வாங்கி ருசித்துப் பாருங்கள். நாளை பள்ளியில் பக்கத்து டப்பா திறக்கும்போதும் அதே ஆசையோடு எட்டிப் பாருங்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்: மிஞ்சிய சோற்று ஃப்ரைடு ரைஸ்

(அடுப்பு வேலைக்கு அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்க வேண்டும்.)

முதல் நாள் இரவு மிஞ்சிய சோற்றை வெளியில் வைக்காமல், ஆறியதும் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் இரண்டு கிண்ணம் சோற்றைக் கையால் உதிர்த்துக்கொள்ளுங்கள். கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்குங்கள். சீனச்சட்டி நன்றாகச் சூடானதும் இரண்டு தேக்கரண்டி எண்ணெய், நறுக்கிய பூண்டு, பிறகு காய்கள். காய் நறுக்கென்று இருக்கும்போதே சோறு, கொஞ்சம் உப்பு, ஒரு தேக்கரண்டி சோயா சாஸ், மிளகுத்தூள் சேர்த்துப் பெரிய தீயில் சோறு ஆவி பறக்கச் சூடாகும்வரை புரட்டுங்கள். வெங்காயத்தாள் தூவி இறக்குங்கள்.

ஊறுகாய் வேண்டுமென்றால் தொட்டுக்கொள்ளலாம். எங்கள் தாத்தா கட்சியில் சேர்ந்துவிடுவீர்கள்!